பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாம் எதைக் கொண்டு செல்கிறோம்?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், ஆடவரும் மகளிரும் தத்தம் பகுதிகளில் அமர்ந்து செவிமடுத்த அமர்வில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

பைத்துல்மால் வரவு செலவையும், மக்தப் மதரஸாவின் நிலையையும், கபரஸ்தான் சுற்றுச்சுவர்ப் பணியையும் பற்றிய அறிக்கைகளைச் சற்று முன்னர்ச் செவிமடுத்தீர்கள். இப்போது நாம் பேசப்போகும் பொருள் எந்த அறிக்கையிலும் இடம்பெறாதது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு, குறிப்பாக அறுவைச் சிகிச்சையால் பிள்ளை பெற்ற பெண்ணைக் காணச் செல்லும்போது, நம் கையில் எதை எடுத்துச் செல்கிறோம் என்பதே அப்பொருள். பள்ளிவாசல் மேடையில் பேசத்தக்க செய்தியா இது எனச் சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் கூறிவிடுகிறோம்.

நம் முஹல்லாவில் நிகழ்ந்தது

நமது முஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரிக்குத் தலைப்பிரசவம். வயிற்றைக் கிழித்தே குழந்தையை எடுக்கவேண்டியதாயிற்று. தாயார் உயிருடன் இல்லாத காரணத்தால் அவர் பிறந்தகம் செல்லாமல் கணவர் வீட்டுக்கே திரும்பினார். மாமியாருக்கு மூட்டுவலி. கணவரோ விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பிவிட்டார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின், நாம் அனைவரும் குடும்பம் குடும்பமாக அவ்வீட்டுக்குச் சென்றோம். அன்பினால்தான் சென்றோம். குழந்தைக்குச் சட்டைகள் கொண்டு சென்றோம். சோப்பும் பவுடரும் அடங்கிய பெட்டிகள் கொண்டு சென்றோம். குழந்தையின் கைக்குள் பணம் வைத்தோம். யாரைப் போல் இருக்கிறது என்று ஆராய்ந்தோம். "சுகப்பிரசவம் ஆகவில்லையா?" என்று கேட்டோம். "இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி தாங்கும் வலு இல்லை" என்றும் சிலர் கூறினோம். பின்னர்த் தேநீர் அருந்தினோம்.

அந்தத் தேநீரை யார் தயாரித்தார் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. தைத்த காயம் ஆறாத அப்பெண்ணே எழுந்து எழுந்து சென்று தயாரித்திருக்கிறார். குடிநீர்க் குடத்தையும் அவரே தூக்கியிருக்கிறார். சில நாட்களில் காய்ச்சல் கண்டது. தையல் இட்ட இடத்தில் சீழ் பிடித்தது. மீண்டும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை தாயைப் பிரிந்து வீட்டில் அழுதது. அல்லாஹ்வின் கிருபையால் தாயும் சேயும் இன்று நலமாக உள்ளனர்.

குணமடைந்த பின்னர் அச்சகோதரி நம் மகளிரிடம் கூறிய சொற்களை அவருடைய அனுமதியுடன் இங்கே எடுத்துரைக்கிறோம். "எல்லோரும் வந்தார்கள், அன்பாகப் பேசினார்கள், தேநீர் குடித்தார்கள். யாராவது ஒருவர் அந்தக் குவளைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தால், எனக்கு அதைவிடப் பெரிய பரிசு இருந்திருக்காது."

இச்சொற்கள் நமது நிர்வாகக் குழுவை வெட்கப்படச் செய்தன. குறை மருத்துவமனையினுடையது அன்று, அவ்வீட்டாருடையதும் அன்று. குறை நம்முடையது. அன்பு குறைவினால் நேர்ந்ததன்று. அன்பை யாரிடம் கொண்டு சேர்ப்பது என்று அறியாததால் நேர்ந்தது. நாம் குழந்தைக்குப் பரிசு கொண்டு சென்றோம், தாயை மறந்துவிட்டோம்.

மர்யம் (அலை) அவர்களுக்கு அருளப்பட்டவை

திருக்குர்ஆனின் 19ஆவது அத்தியாயம் ஒரு தாயின் பெயரையே தாங்கியுள்ளது. அதன் 22 முதல் 26 வரையிலான வசனங்களில் ஒரு பிரசவம் விவரிக்கப்படுகிறது. துணைக்கு எவரும் இல்லாமல், ஒரு பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே இறந்துபோயிருக்கக் கூடாதா என்று எண்ணும் அளவுக்கு வேதனையுற்ற மர்யம் (அலை) அவர்களுக்கு அப்போது எவை அருளப்பட்டன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

முதலாவது, கவலை வேண்டாம் என்னும் ஆறுதல். இரண்டாவது, அவருடைய காலடியிலேயே ஓடும் நீரூற்று. மூன்றாவது, கையெட்டும் இடத்தில் உதிரும் கனிந்த பேரீச்சம்பழம். நான்காவது, மனிதரில் எவரையேனும் கண்டால் இன்று யாருடனும் பேசுவதில்லை என நேர்ச்சை செய்திருப்பதாகக் குறிப்பால் உணர்த்திவிடலாம் என்ற அனுமதி.

இவ்வசனங்களுக்கு ஆலிம் பெருமக்கள் விரிவான விளக்கங்கள் தந்துள்ளனர். சாதாரண மக்களாகிய நாம் பெறக்கூடிய படிப்பினை ஒன்று உண்டு. பிறந்த குழந்தையோ ஈஸா (அலை) என்னும் நபி. ஆயினும் அந்நேரத்தில் அருளப்பட்ட நான்கும் தாய்க்கு உரியவை. ஆறுதலான சொல், அருந்த நீர், உண்ண உணவு, வருவோர் போவோருக்கெல்லாம் விடை கூற வேண்டாத ஓய்வு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எதைப் பரிசாகத் தேர்ந்தெடுப்பது என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பேறுகாலத் தொடக்கு நீடிக்கும் வரை தாய்க்குத் தொழுகை இல்லை. அதன் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 40 நாட்கள். ஷாஃபி மத்ஹபில் 60 நாட்கள். விடுபட்ட நோன்பை அவர் பின்னர் நோற்கவேண்டும். விடுபட்ட தொழுகையையோ திரும்பத் தொழ வேண்டியதில்லை. தொழுகையிலிருந்தே இறைவன் விலக்கு அளித்த ஒரு பெண்ணுக்கு, அடுப்படியிலிருந்து விலக்கு அளிக்க நமக்கு மனம் வரவில்லையா?

அது ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை

சிசேரியன் என்பது இன்று பரவலாக நடைபெறுவதால் அதைச் சிறிய செய்தியாகக் கருதும் பழக்கம் நம்மிடையே ஏற்பட்டுள்ளது. உண்மை வேறு. அடிவயிற்றின் தோல், அதன் கீழுள்ள கொழுப்பு, தசையைப் போர்த்திய உறுதியான சவ்வு, வயிற்றின் உள்உறை, கடைசியாகக் கருப்பை என அடுக்கடுக்காகத் திறந்தே குழந்தையை எடுக்கின்றனர். வெளியே தெரியும் தையல் ஒன்றுதான். உள்ளே ஆறவேண்டிய தையல்கள் பல. ஆறுவதற்கு ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். அதுவரை தம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கவேண்டாம் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். நம் வீடுகளில் குடம், வாளி, அரிசி மூட்டை, எரிவாயு உருளை எல்லாம் அக்கனத்தைத் தாண்டியவை. இருமினாலும் சிரித்தாலும் வலிக்கும். தரையில் விரித்த பாயிலிருந்து எழுவதும், குத்துக்காலிட்டு அமரும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் பெரும் துன்பம். ஏனைய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் படுத்து ஓய்வெடுப்பார். இவரோ அன்றே தாய்ப்பால் ஊட்டத் தொடங்கி, இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியவர்.

எத்தனை வீடுகளுக்குரிய செய்தி இது? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 34 அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தன. 2019-21 ஆய்வில் அது 44.9 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆய்வில் இந்தியா முழுமைக்குமான அளவு 21.5 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு, அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு. இவ்வளவு தேவைதானா என்பது மருத்துவ உலகமும் அரசும் விவாதிக்க வேண்டிய வினா. ஆனால் அவ்வினாவைக் கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணிடம் கேட்பது அறமன்று. அவர் வலிக்கு அஞ்சியவர் அல்லர். வயிற்றைக் கிழிக்கச் சம்மதித்துத் தம் பிள்ளையின் உயிரைக் காத்தவர்.

இதில் இழிவு ஏதும் இல்லை என்பதற்குப் பழைய சான்று ஒன்றைக் கூறலாம். பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த ஷாநாமா என்னும் காவியத்தில், மாவீரன் ருஸ்தம் தாயின் விலாவைக் கிழித்தே வெளியே எடுக்கப்படுகிறான். அத்துடன் கதை மகனைத் தொடர்ந்து போய்விடவில்லை. தாய் ரூதாபாவின் காயத்தைத் தைப்பதும், மூலிகையைப் பாலோடு அரைத்துக் காயத்தில் இடுவதும் அங்கே சொல்லப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதையிலும் தாயின் காயத்தை மறந்துவிடவில்லை.

அரசின் பெட்டகங்கள் கற்றுத்தரும் பாடம்

தாய்க்குப் பரிசளிக்கும் ஏற்பாடு அரசுகளிடமும் உண்டு. பின்லாந்து நாட்டில் 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் பேறுகாலப் பெட்டி வழங்கப்படுகிறது. தாய் கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. நமது தமிழ்நாட்டில், புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெயரால் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் தொடங்கியது. 2018இல் அது 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக அமைந்தது. ஊட்டச்சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், நெய் ஆகியவற்றுடன் பேரீச்சம்பழமும் அதில் இடம்பெற்றது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2015இல் அரசு மருத்துவமனைகளில் வழங்கத் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில், தாய்க்கென்றே குளியல் சோப்பும், கை கழுவும் திரவமும், சௌபாக்கிய சுண்டி லேகியமும் வைக்கப்பட்டிருந்தன.

2011இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவத் தாய்க்கு 3 நாட்களும், அறுவைச் சிகிச்சைத் தாய்க்கு 7 நாட்களும் இலவச உணவு உண்டு. வீட்டுக்குக் கொண்டுவிடும் வாகனமும் உண்டு. 7ஆம் நாளுக்குப் பின் அந்தத் தாயின் உணவுக்கு யார் பொறுப்பு? அந்த வினாதான் நம் வாசலுக்கு வந்து நிற்கிறது.

கொடுப்பவர் வசதியா, பெறுபவர் தேவையா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையையும் தாக்கியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அப்போது தமிழகக் கடலோரத்தில் நிவாரணமாக வந்த பழைய துணி மூட்டைகள் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினர். ஆனால் அங்கிருந்தவர்களுக்கு வேண்டியது வேறு. பிள்ளை பெற்ற வீட்டில் குவியும் சின்னஞ்சிறு சட்டைகளும் ஏறக்குறைய அவ்வாறே. 2 மாதத்தில் சிறுத்துப்போகும் சட்டை ஒரு வீட்டில் எத்தனை வேண்டும்?

சில பொருட்கள் வீண் என்பதோடு நில்லாமல் தீங்கும் விளைவிக்கக் கூடியவை. பால்மாவு டின்னையும் பால் புட்டியையும் பரிசாகக் கொடுக்க வேண்டாம். அவற்றை விளம்பரப்படுத்துவதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. மருத்துவர் கூறினாலன்றி அவை அவ்வீட்டுக்குள் நுழையவேண்டியதில்லை. குழந்தையின் நாவில் தடவத் தேன் கொண்டுசெல்லும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தேன் ஆகாது என்பது மருத்துவர்களின் உறுதியான எச்சரிக்கை. நாமே வாங்கும் நாட்டு மருந்துகளையும், வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டும் துணியையும், தையல் உள்ள தாய்க்கு மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது.

எவற்றைக் கொண்டு செல்லலாம்?

இனி நாம் கூறுபவற்றில் பெரும்பகுதி அச்சகோதரியும் நம் முஹல்லாவின் ஏனைய தாய்மாரும் தம் பட்டறிவால் எடுத்துரைத்தவை.

முதலாவது உணவு. சமைத்த உணவு, திருப்பித் தரவேண்டாத பாத்திரத்தில், தாய்க்கு மட்டுமன்றி வீட்டார் அனைவருக்கும் போதுமான அளவில். ஏனெனில் வீட்டில் மற்றவர்கள் பசித்திருக்கத் தான் மட்டும் உண்ணும் தாய் நம்மிடையே இல்லை. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, ஆட்டுக்கால் சூப் எல்லாம் நம் பாட்டிமார் அறிந்த பத்திய உணவுகளே. காயம் ஆறுவதற்குப் புரதச்சத்து வேண்டும். முட்டையும் மீனும் உண்டால் புண் சீழ்பிடிக்கும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான நம் கடற்கரையில் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பது பழைய வழக்கம். அன்பர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. எனினும் பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்வதால் அடிக்கடி கொடுக்காமல், நெத்திலி, மத்தி போன்ற சிறிய மீன்களை மிகுதியாகக் கொடுப்பது நலம்.

இரண்டாவது நீர். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், தையல் ஆறாது என்று கூறித் தாகத்தோடு கிடத்தும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. பால் ஊட்டும் தாய்க்கு நீர் மிகுதியாக வேண்டும். வலி மாத்திரைகளாலும் இரும்புச்சத்து மாத்திரைகளாலும் ஏற்படும் மலச்சிக்கலைத் தணிக்கவும் நீரே முதல் மருந்து. முக்கி வெளியேறுவது தைத்த வயிற்றுக்குப் பெரும் வேதனை. மர்யம் (அலை) அவர்களுக்கு இறைவன் காலடியில் நீரூற்றை ஓடவிட்டான். நாம் ஒரு நல்ல வெந்நீர் பிளாஸ்க்கும், தலைமாட்டில் வைக்க மூடியுள்ள ஒரு குவளையும், ஒரு கிலோ பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்தால் அதன் படிப்பினையை ஓரளவு நிறைவேற்றியவர் ஆவோம்.

மூன்றாவது உடல் நோவைக் குறைக்கும் பொருட்கள். முன்பக்கம் திறந்து பால் ஊட்ட ஏதுவான தளர்ந்த பருத்தி நைட்டிகள் இரண்டு. பாவாடை நாடா தையலின் மீது அழுந்தி உறுத்துவதை ஆடவர் அறியமாட்டார், தாய்மார் நன்கறிவர். உறுதியான தலையணைகள் இரண்டு. பால் ஊட்டும்போது குழந்தையின் பாரம் வயிற்றில் விழாமல் தாங்க ஒன்று. இருமும்போது வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒன்று. ஒரு கொசுவலை. இவை எவையும் பரிசுப்பொருள் கடையின் கண்ணாடிப் பேழையில் இரா; ஆனால் பெறுபவர் நாள்தோறும் நம்மை நினைத்து துஆச் செய்வார்.

நான்காவது உழைப்பு. துணி துவைத்துக் கொடுத்தல், மூத்த குழந்தையைப் பள்ளிக்கும் மக்தபுக்கும் அழைத்துச் செல்லுதல், தாய் இரண்டு மணிநேரம் உறங்குவதற்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல், தண்ணீர் பிடித்து வைத்தல். இவற்றுக்குப் பணச் செலவே இல்லை.

ஐந்தாவது வாகனச் செலவு. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தையல் பார்க்கவும் மறுபரிசோதனைக்கும், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறிடத்துக்கோ பேருந்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு செல்லும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். சொந்தக் கார் வைத்திருக்கும் நம் ஜமாஅத்தார் அந்த ஒரு நாள் அதை அனுப்பினால், அதுவும் பரிசே. பணமாகக் கொடுப்பவர்கள் குழந்தையின் கையில் திணிக்காமல், உறையிலிட்டுத் தாயின் கையில் கொடுங்கள்.

ஆறாவது, மிகவும் கடினமானது: அமைதி. முதல் வாரத்தில் உதவி செய்பவரைத் தவிர ஏனையோர் செல்லாதிருத்தலே நன்று. பின்னர்ச் சென்றாலும் முன்கூட்டிக் கேட்டுச் செல்லவேண்டும், பத்து நிமிடத்தில் எழவேண்டும், கையைக் கழுவவேண்டும், சளி, காய்ச்சல் உள்ளோர் செல்லக்கூடாது, குழந்தையை முத்தமிடுதல் கூடாது, தேநீரை மறுக்கவேண்டும். சுகப்பிரசவமா என்ற கேள்வியையும், பெண் குழந்தையாயின் முகம் சுளிப்பதையும் வாசலுக்கு வெளியே விட்டுச்செல்ல வேண்டும்.

அபாய அறிகுறிகள்

உதவிக்குச் செல்பவர் கண்ணும் திறந்திருக்கவேண்டும். காய்ச்சல், தையல் சிவந்து வீங்குதல், சீழ், தையல் பிரிதல், மிகுந்த உதிரப்போக்கு, துர்நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், கடுந்தலைவலி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பத்தியம் பார்த்துக் காத்திருக்கலாகாது. உடனே 108க்கு அழைக்கவேண்டும். காரணமின்றி நாள்கணக்கில் அழுதல், குழந்தையைப் பார்க்கவே விரும்பாமை, வாழ்வில் வெறுப்பு ஆகியவையும் நோயின் அறிகுறிகளே. அவற்றை ஈமானின் குறை என்றோ, காற்றுக் கருப்பு என்றோ ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கென 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் 2022 முதல் இயங்குகிறது.

ஆடவர்களுக்கு ஒரு சொல்

பிரசவம் பெண்கள் விவகாரம் என்று விலகி நிற்பது நபிவழி அன்று. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் பணிகளில் துணைநின்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆகவே கணவன் துணி துவைப்பதைக் கண்டு நகைக்கும் நம் மூத்தவர்களும், நண்பர்களும் அந்த ஹதீஸை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். அகீகா கொடுக்கும் வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். அறுத்த இறைச்சியைப் பங்கிட்டு வீடுகளுக்கு அனுப்பிவிடலாம். ஏழாம் நாளே பந்தல் போட்டு விருந்து வைத்தால், தையலோடு எழுந்து நின்று வருவோரை வரவேற்பவர் அந்தத் தாயாகவே இருப்பார்.

வசதியற்றோர், நம்மால் என்ன கொடுக்க முடியும் என்று தயங்க வேண்டாம். அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பது ஓர் ஆட்டின் குளம்பே ஆயினும் அதை அற்பமாகக் கருதலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களுக்கு அறிவுறுத்திய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அவர்கள் உபதேசித்ததும் நாம் அறிந்ததே. பரிசை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்யும் கடனாக மாற்றிவிட்டதால்தான் ஏழை வீட்டார் வெறுங்கையோடு செல்ல அஞ்சி, செல்லாமலேயே இருந்துவிடுகின்றனர். ஒரு கிண்ணம் சூப்புக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

நிர்வாகக் குழுவின் வேண்டுகோள்

பெருமக்களே! நமது ஜமாஅத்தின் அறையில் என்னென்ன பொருட்கள் உள்ளன? மய்யித்தைச் சுமக்கச் சந்தூக் இருக்கிறது. திருமணத்துக்குச் சமைக்கத் தேக்சாக்கள் இருக்கின்றன. நாற்காலிகளும் விரிப்புகளும் இருக்கின்றன. இறப்புக்கும் திருமணத்துக்கும் பொருள் சேர்த்து வைத்துள்ள நாம், பிறப்புக்கென ஒன்றையும் வைத்திருக்கவில்லை.

ஆகவே மூன்று ஏற்பாடுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம். முதலாவது, இரவல் பொருட்கள்: உயரமான கட்டில் இரண்டு, கழிப்பறை நாற்காலி இரண்டு, கொசுவலைகள். தேவைப்படும் வீட்டார் பெற்று, 6 வாரம் கழித்துத் திருப்பித் தரலாம். இரண்டாவது, உணவு முறைப் பட்டியல்: தாய் வீடு திரும்பிய நாளிலிருந்து 14 நாட்களுக்கு, நாளுக்கு ஒரு வீடு பகல் உணவை அனுப்புவது. மகளிர் பகுதியில் பெயர் எழுதும் ஏடு வைக்கப்பட்டுள்ளது. அண்டையில் பிற சமயத்துச் சகோதரிக்கு இந்நிலை நேர்ந்தாலும் அவருக்கும் அனுப்புவோம். அண்டை வீட்டார் உரிமை அனைவருக்கும் உரியது. மூன்றாவது, எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு: முதல் வாரம் பார்வையாளர் இல்லை, உதவியாளர் மட்டுமே.

அந்த ஏட்டின் முதற் பக்கத்தில் முதற் பெயராக எழுதப்பட்டிருப்பது நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட அச்சகோதரியின் பெயர். அவருக்கு நாம் செய்யத் தவறியதை, அடுத்த பெண்ணுக்குச் செய்ய அவரே முன்வந்துள்ளார். அவருக்குப் பின்னால் நம் வீட்டுப் பெயர்களும் இடம்பெறட்டும்.

அடுத்த முறை பிள்ளை பெற்ற வீட்டின் படியேறும்போது நம் கையில் ஒரு தூக்குச்சட்டி உணவு இருக்கட்டும். வாயில் ஓர் ஆறுதல் சொல் இருக்கட்டும். திரும்பும்போது நாம் அருந்திய குவளை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் தாய்மார் அனைவருக்கும் பூரண சுகத்தையும், பிறந்த மக்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்லொழுக்கத்தையும், நமக்கு அவர்களின் துன்பத்தை உணரும் இதயத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.